முதல் ஹைட்ரோபோனிக்ஸ் தோட்டம்: பெட்டியா, பம்ப்பா, குழாயா?

வீட்டில் மண்ணில்லாமல் செடி வளர்க்கும் முறைகள் ஏழெட்டு இருக்கின்றன. அவற்றைப் பிரிப்பது ஒரே கேள்வி: தண்ணீரில் கிடக்கும் வேருக்கு ஆக்சிஜன் எந்த வழியாக வந்து சேர்கிறது? அந்த வழி அடைபட்டால் செடி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைத்தான் புதிதாகத் தொடங்குபவர் முதலில் பார்க்க வேண்டும். அழகு, விளைச்சல், எத்தனை செடி வைக்கலாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அடுக்கடுக்கான வெள்ளைக் குழாய்களின் படத்தைப் பார்த்து மயங்கி, அதையே முதலில் வாங்குபவர்கள் பலர். தாங்கும் நேரம் மிகக் குறைவான முறை அதுதான்.

தேர்வுக்கு முன் மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். கீரை வகையா, காய்க்கும் செடியா? தோட்டம் வைக்கும் இடத்தில் மதிய வேளையில் தண்ணீர் எவ்வளவு சூடாகும்? மின்சாரம் போனாலோ, நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலோ, எத்தனை நாள் கவனிப்பு இல்லாமல் விடவேண்டி வரும்?

இரண்டாவது கேள்வியைப் பலரும் கேட்பதே இல்லை. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏறக்குறைய 7.5 மில்லிகிராமாகக் குறைகிறது. அதே நேரத்தில் சூட்டில் வேர் அதிகமாகச் சுவாசிக்கிறது; அதாவது வரவு குறையும்போது செலவு கூடுகிறது. மூச்சுத் திணறும் வேரில் பித்தியம் என்னும் வேரழுகல் கிருமி எளிதில் புகும். வெள்ளையாக இருந்த வேர் பழுப்பாகி வழவழத்து, இழுத்தால் தோல் உரிந்து உள்ளே நூல்போல் நிற்கும். சத்து கலந்த தண்ணீரான கரைசல் 18 முதல் 24 டிகிரி வரை இருந்தால் எந்த முறையும் ஓரளவு மன்னிக்கும். 28 டிகிரியைத் தாண்டினால் முறையைத் தேர்ந்தெடுப்பதோடு செடியையும் மாற்றித் தேர்ந்தெடுக்க வேண்டும்: லெட்யூஸை (சாலட் கீரை) விட்டுவிட்டு பேசில் (துளசி இனத்து மணஇலை), புதினா, வள்ளைக்கீரை பக்கம் போவது நல்லது.

பம்ப் இல்லாத பெட்டி: கிராட்கி முறை

ஹவாய் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெர்னார்ட் கிராட்கியின் பெயரால் அழைக்கப்படும் இந்த முறையில் மின்சாரமே தேவையில்லை. மூடியுள்ள ஒளி புகாத பெட்டி, மூடியில் துளை, துளையில் வலைக்கிண்ணம், உள்ளே சத்துக்கரைசல். செடி குடிக்கக் குடிக்கக் கரைசல் மட்டம் இறங்கும். மேலே உருவாகும் ஈரமான காற்றிடைவெளியில் வேரின் மேற்பகுதி தங்கி ஆக்சிஜன் எடுக்கும்; அடிப்பகுதி கரைசலில் இருந்து சத்தும் நீரும் எடுக்கும். இந்த ஒரு ஏற்பாட்டின் மேல்தான் முறை முழுவதும் நிற்கிறது.

லெட்யூஸ் ஒன்றுக்கு, விதைப்பிலிருந்து அறுவடை வரை, 4 லிட்டர் கரைசல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 20 லிட்டர் கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் 16 லிட்டர் ஊற்றி, 20 சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு செடி வைக்கலாம். 5 சென்டிமீட்டர் வாயுள்ள வலைக்கிண்ணம் போதும். தொடக்கத்தில் கரைசல் கிண்ணத்தின் அடியில் 1 சென்டிமீட்டர் மட்டும் படவேண்டும். கிண்ணம் முழுக்க மூழ்கினால் தண்டு அடியிலேயே அழுகும்.

நாற்றைத் தனியாக வளர்த்துக்கொண்டு வருவது நல்லது. 2.5 சென்டிமீட்டர் கனசதுர ஸ்பாஞ்சிலோ ராக்வூலிலோ (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) விதை போட்டு, விதையிலைகளுக்குப் பிறகு இரண்டு உண்மையான இலைகள் வந்து அடியில் வேர் எட்டிப் பார்க்கும்போது கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். லெட்யூஸுக்கு இது பத்து முதல் பதினான்கு நாள் எடுக்கும். ராக்வூல் காரத்தன்மை கொண்டது, பி.எச். (அமில-கார அளவு) 5.5 உள்ள தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். லெட்யூஸ் விதை 27 டிகிரிக்கு மேல் முளைக்க மறுக்கும். "விதை சரியில்லை" என்று தூக்கி எறியப்படும் விதைகளில் பல, சூட்டில் உறங்கிக்கொண்டிருப்பவைதான். முளைக்கும் இரண்டு மூன்று நாட்களுக்கு மட்டும் வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

இந்த முறையில் செடியைக் கொல்லும் தவறு, பாசமாகச் செய்யப்படுவது. கரைசல் பாதியாக இறங்கியதைப் பார்த்துப் பதறி, மீண்டும் விளிம்புவரை ஊற்றிவிடுவார்கள். காற்றிடைவெளியில் வளர்ந்த வேர் வேறு விதமானது. மெல்லிய தூவிகளோடு காற்றில் சுவாசிக்கப் பழகியது. அதை மூழ்கடித்தால் ஓரிரு நாளில் செடி வாடும், சுற்றிலும் தண்ணீர் இருந்தும். ஊற்றியே ஆகவேண்டும் என்றால், இறங்கிய உயரத்தில் கால்பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள்.

அடுத்த தொல்லைகள் வெளிச்சமும் கொசுவும். ஒளி ஊடுருவும் பெட்டியில் பாசி பிடித்து, சத்தைத் தின்று, இறந்து அழுகும். பெட்டியின் வெளிப்புறத்தில் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை என்று இரண்டு பூச்சு கொடுத்தால் ஒளியும் புகாது, சூடும் குறையும். மூடிக்கும் கிண்ணத்துக்கும் இடையே விரல்நகம் நுழையும் இடைவெளி இருந்தால் கொசு முட்டையிடும். துளையைக் கிண்ணத்தின் விளிம்புக்கு இறுக்கமாக வெட்டுங்கள். காலியாக இருக்கும் துளைகளை நாடா ஒட்டி அடையுங்கள்.

கிராட்கியின் எல்லையும் தெளிவானது. நன்கு வளர்ந்த தக்காளிச் செடி வெயில் நாளில் 2 லிட்டருக்கு மேல் குடிக்கும். அதற்கு ஈடுகொடுக்கும் அளவுக்குப் பெரிய பெட்டி வீட்டில் வைக்க முடியாது; அடிக்கடி ஊற்றிக்கொண்டே இருந்தால் முறையின் அடிப்படையே குலையும். கீரைக்கும் மணமூட்டும் இலைகளுக்கும் இதைவிட எளிய தொடக்கம் இல்லை. காய்க்கும் செடிக்கு இது தவறான இடம்.

காற்று பம்ப் வைத்த வாளி

அதே பெட்டி, அதே கிண்ணம். அடியில் ஒரு ஏர் ஸ்டோன் (காற்றைச் சிறு குமிழிகளாக்கும் நுண்துளைக் கல்), வெளியே மீன்தொட்டிக்கு வைக்கும் காற்று பம்ப். 20 லிட்டர் கரைசலுக்கு நிமிடத்துக்கு 3 முதல் 4 லிட்டர் காற்று தரும் பம்ப் போதுமானது. குமிழிகள் கரைசலைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் சத்து ஓரிடத்தில் தேங்காது, செடியும் கிராட்கியைவிடச் சற்று வேகமாக வளரும். இதில் கரைசலைத் தாராளமாக நிரப்பிக்கொண்டே போகலாம் என்பதால் அறுத்து அறுத்து எடுக்கும் பேசில், புதினா போன்றவை மாதக்கணக்கில் நிற்கும்.

பம்ப்பை எப்போதும் கரைசல் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால், மின்சாரம் நின்றதும் கரைசல் குழாய் வழியாகப் பின்னோக்கி ஓடி பம்ப்பையும் தரையையும் நனைக்கும். மேலே வைக்க இடமில்லை என்றால், காற்றுக்குழாயில் ஒருவழி வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். ஏர் ஸ்டோன் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். குமிழிகள் பெரிதாகவும் குறைவாகவும் வரத் தொடங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

பம்ப் தண்ணீரைக் குளிர்விக்கும் என்பது பரவலான தவறான எண்ணம். அறையின் காற்றைத்தான் அது உள்ளே தள்ளுகிறது. அறை 33 டிகிரி என்றால் கரைசலும் மெல்ல அதை நோக்கித்தான் போகும். அதோடு, குமிழி கரைசலில் உள்ள கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுவதால் பி.எச். மெல்ல ஏறும். பம்ப் போட்ட மறுநாள் பி.எச். உயர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம்.

மின்தடைதான் இந்த முறையின் பலவீனம். வாளி விளிம்புவரை நிரம்பி, கரைசலும் சூடாக இருந்தால், சில மணி நேரத்தில் வேர் திணறத் தொடங்கும். இதற்கு ஒரு நல்ல தீர்வு இருக்கிறது: செடி வேரூன்றியதும் கரைசல் மட்டத்தை மூடிக்கு 5 சென்டிமீட்டர் கீழே இறக்கி, அங்கேயே நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். மேல்வேர் காற்றில் பழகிவிடும். மின்சாரம் போனால் வாளி தானாகவே கிராட்கி பெட்டியாகிவிடும். இரண்டு முறைகளின் நன்மையும் ஒரே வாளியில் கிடைக்கிறது. புதியவர்களுக்கு நாங்கள் உறுதியாகப் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஓடும் குழாய்கள்

1960களில் இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் வளர்த்தெடுத்த மென்படல முறை, என்.எஃப்.டி., வணிகப் பசுமைக்குடில்களில் உலகம் முழுக்க வேலை செய்கிறது. சாய்வான கால்வாயில் ஓரிரு மில்லிமீட்டர் உயரத்துக்குக் கரைசல் ஓடும். வேரின் பெரும்பகுதி காற்றில் இருக்கும். 100 சென்டிமீட்டருக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் சாய்வு, ஒரு கால்வாய்க்கு நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் ஓட்டம். அளவுகள் சரியாக அமைந்தால் லெட்யூஸ் அருமையாக வரும்.

வீட்டில் இது ஏன் தடுமாறுகிறது? பசுமைக்குடிலில் மாற்று பம்ப்பும் ஜெனரேட்டரும் இருக்கும். வீட்டில் பம்ப்பின் வாயில் ஒரு இலைத்துணுக்கு அடைத்தால், வெயில் நேரத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் எல்லாச் செடியும் ஒன்றாகச் சாய்ந்துவிடும். குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் சொற்பம் என்பதால் வெயிலில் குழாய் சுடும்போது கரைசலும் உடனே சுடும். அடிப்பகுதி வளைந்த பி.வி.சி. குழாயில் படலம் பரவாமல் நடுவில் ஒரு கோடாக ஓடும். சின்ன நாற்றின் வேருக்கு எட்டாது. புதினாவின் வேர் இரண்டு மாதத்தில் குழாயை அடைத்து, தண்ணீர் துளைகள் வழியாக வெளியே வழியும். ஒவ்வொரு மூட்டும் ஒரு கசிவுக்கான வாய்ப்பு.

குழாய்தான் வேண்டும் என்று மனம் வைத்தவர்கள், சாய்வை விட்டுவிட்டு 110 மில்லிமீட்டர் குழாயைச் சமமாக வைத்து, வெளியேறும் வாயை அடியிலிருந்து 4 சென்டிமீட்டர் உயரத்தில் அமையுங்கள். பம்ப் நின்றாலும் அந்த 4 சென்டிமீட்டர் உள்ளேயே தேங்கி நிற்கும். செடி ஒரு நாளாவது தாங்கும். செங்குத்துக் கோபுரங்களுக்கும் மின்தடை, அடைப்பு, சூடு ஆகியவை பொதுவானவை. கூடவே, சன்னல் பக்கம் இருக்கும் செடி தழைக்க, சுவர்ப்பக்கம் இருப்பது மெலிந்துபோகும்.

மற்றவை

திரி முறையில் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) நிரப்பிய தொட்டிக்குள் நைலான் திரி கரைசலை உறிஞ்சி ஏற்றும். ஒரு புதினா, ஒரு பேசில் அளவுக்குச் சரி. அதிகம் குடிக்கும் செடிக்குத் திரி ஈடுகொடுக்காது. மேல்பரப்பில் உப்பு வெள்ளையாகப் பூக்கும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேலிருந்து வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். நிரப்பி வடிக்கும் தட்டு முறை நல்லதுதான், ஆனால் டைமர், நிரம்பி வழியும் குழாய், கீழ்த்தொட்டி என்று பழுதாகக் கூடிய பாகங்கள் அதிகம். முதல் தோட்டத்துக்கு அதைத் தேடிப்போக அவசியமில்லை.

தக்காளி, வெள்ளரி, மிளகாய் வேண்டுமென்றால் தேர்வு ஒன்றுதான்: டச்சு வாளி. 10 முதல் 12 லிட்டர் வாளியில் பெர்லைட் (எரிமலைப் பாறையைச் சூடாக்கிப் பொரித்த லேசான வெள்ளை மணிகள்) நிரப்பி, அடியிலிருந்து 4 சென்டிமீட்டர் உயரத்தில் வடிகால் வைத்து, மேலே மணிக்கு 2 முதல் 4 லிட்டர் சொட்டும் சொட்டுமுனை. ஊடகம் ஈரத்தைப் பிடித்து வைப்பதாலும் அடியில் சிறிது தேங்குவதாலும் பம்ப் சில மணி நேரம் நின்றாலும் செடி தாங்கும். சொட்டுமுனைகள் உப்பால் அடைத்துக்கொள்ளும் என்பதால் வாளிக்கு இரண்டாக வையுங்கள். ஒன்று நின்றாலும் மற்றது காக்கும். பெர்லைட்டுக்குப் பதில் கோகோபீட் என்றால் ஒரு முன்வேலை உண்டு. அது சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியிட்டு, கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, மீண்டும் கழுவிய பிறகே பயன்படுத்துங்கள். வீட்டுக்குள் காற்றும் தேனீயும் இல்லாததால், தக்காளிப் பூக்கொத்தை மதியத்துக்கு முன் மெல்லத் தட்டிவிட்டால்தான் காய் பிடிக்கும்.

உரம்: எல்லா முறைக்கும் பொது

தோட்ட உரத்தையோ இயற்கை உரக் கரைசலையோ தேங்கிய தண்ணீரில் ஊற்ற வேண்டாம். யூரியாவையும் கரிமச் சத்தையும் செடி எடுக்கும் வடிவத்துக்கு மாற்ற மண்ணின் நுண்ணுயிர்கள் வேண்டும். பெட்டியில் அவை போதிய அளவில் இல்லை. மிஞ்சுவது நாற்றமும் ஆக்சிஜன் பஞ்சமும்தான்.

ஹைட்ரோபோனிக்ஸுக்கென்றே உள்ள 4-18-38 பொடியோடு (எண்கள் தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) கால்சியம் நைட்ரேட், மெக்னீசியம் சல்பேட் ஆகிய இரண்டையும் சேர்க்கும் வழி பரவலாகப் பயன்படுகிறது. முழு அளவு, லிட்டருக்கு 0.6 கிராம் பொடி, 0.6 கிராம் கால்சியம் நைட்ரேட், 0.3 கிராம் மெக்னீசியம் சல்பேட். லெட்யூஸுக்கு, அதுவும் கிராட்கி பெட்டியில், இதில் மூன்றில் இரண்டு பங்கே நல்லது: 16 லிட்டருக்கு 6.4, 6.4, 3.2 கிராம். காரணம், சூடான இடத்தில் செடி உப்பைவிடத் தண்ணீரை அதிகமாகக் குடிக்கும். மீதக் கரைசல் நாளாக நாளாக அடர்த்தியாகும். 0.1 கிராம் காட்டும் சிறு தராசு அவசியம். கரண்டிக் கணக்கு இங்கே செல்லாது.

வரிசையும் முக்கியம். பெட்டியில் தண்ணீர் நிரப்பி, பொடியை முதலில் கரையுங்கள், பிறகு மெக்னீசியம் சல்பேட், கடைசியில் கால்சியம் நைட்ரேட். மூன்றையும் ஒரு குவளையில் கெட்டியாகக் கலக்கினால் கால்சியம், சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து சுண்ணாம்புபோல் அடியில் படியும். அந்த வெள்ளை வண்டல் செடிக்குப் போகாது. கடையில் வரும் திரவ உரம் இரண்டு பாட்டில்களாக வருவதும் இதனால்தான்.

எதில் செலவு செய்வது

அமைப்பில் சிக்கனம் பிடித்து, அளவுகருவியில் செலவு செய்யுங்கள். ஈ.சி. மீட்டர் கரைசலில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்டும், எளிதில் கெடாது. லெட்யூஸுக்கு 0.8 முதல் 1.2 மில்லிசீமென்ஸ், பேசிலுக்கு 1 முதல் 1.6, காய்க்கும் தக்காளிக்கு 2 முதல் 3. சில மீட்டர்கள் பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) அளவில் காட்டும்; அதில் 1 மில்லிசீமென்ஸ் என்பது சிலவற்றில் 500, சிலவற்றில் 700. எந்த அளவுகோல் என்று தெரியாமல் பிறர் சொன்ன எண்ணைப் பின்பற்றினால் உரம் கூடும் அல்லது குறையும். ஈ.சி.யிலேயே பேசுவது குழப்பம் தராது.

பி.எச். பார்க்க, சொட்டுமருந்து விட்டு நிறம் பார்க்கும் சிறு குப்பி தொடக்கத்துக்குப் போதும். பேனா வடிவ மீட்டர் வசதியானது, ஆனால் அதன் முனையை உலரவிட்டால் கெட்டுவிடும். அதற்குரிய சேமிப்புத் திரவத்தில்தான் வைக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது சரிபார்க்க வேண்டும். இலக்கு 5.5 முதல் 6.5. இறக்குவதற்குப் பாஸ்பாரிக் அமிலம் நிலையானது. சிட்ரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடுவதால் ஓரிரு நாளில் பி.எச். திரும்ப ஏறும். எந்த அமிலமானாலும் தண்ணீருக்குள் அமிலத்தை விடுங்கள், அமிலத்துக்குள் தண்ணீரை அல்ல. உரம் கலந்த பிறகே பி.எச். பாருங்கள், ஏனென்றால் உரமே அதைக் குறைக்கும்.

புது இலை மஞ்சளாகி நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்து எட்டாத அடையாளம். பெரும்பாலும் இரும்பு கரைசலில் இருக்கும்; பி.எச். 7ஐத் தாண்டியதால் வேருக்குக் கிடைக்காமல் போயிருக்கும். மேலும் உரம் கொட்டினால் சரியாகாது, பி.எச்.ஐ இறக்கினால் சில நாளில் அடுத்த இலை பச்சையாக வரும். கடினமான தண்ணீர் உள்ள வீடுகளில் இது திரும்பத் திரும்ப வரும்; அங்கே பாதி மழைநீர் அல்லது சுத்திகரித்த நீர் கலப்பது தினமும் அமிலம் விடுவதைவிட நிம்மதி.

வெளிச்சமும் சூடும்

லெட்யூஸுக்கு ஒரு நாளில் சதுர மீட்டருக்கு 12 முதல் 17 மோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) ஒளி வேண்டும். நாளில் ஐந்தாறு மணி நேரம் நேரடி வெயில் படும் பால்கனி இதைத் தரும். சன்னலுக்கு உள்ளே வைத்த பெட்டிக்குப் பெரும்பாலும் கிடைக்காது. நாற்று நீண்டு சாய்வது அதன் முதல் அறிகுறி. 60-க்கு 60 சென்டிமீட்டர் பரப்புக்கு, நல்ல திறனுள்ள 40 வாட் எல்.இ.டி. விளக்கை 16 மணி நேரம் எரியவிட்டால் கீழ் வரம்பை எட்டலாம். ஒளி தாராளமாகி, உள்ளிலைகளின் விளிம்பு கருகினால் அது கால்சியம் அங்கே போய்ச் சேராததால். ஒரு சிறு மின்விசிறி இலைகளை மெல்ல அசைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

சூடான இடங்களில் இலைக்கு வெயில், பெட்டிக்கு நிழல் என்று அமையுங்கள். பெட்டியைத் தெர்மோகோல் பலகையால் சுற்றுங்கள், நேரடியாகத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். உறையவைத்த ஒரு லிட்டர் பாட்டிலை 20 லிட்டர் கரைசலில் போட்டால் வெப்பம் 4 டிகிரி அளவுக்கு இறங்கும், ஆனால் சில மணி நேரமே நிற்கும். தினமும் அது தேவைப்படுகிறது என்றால் அந்தப் பருவத்துக்கு லெட்யூஸ் ஏற்றதல்ல. பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு செடியை மாற்றுங்கள்.

பெட்டியிலிருந்து எப்போது நகரலாம்

கீரை மட்டும் போதும், பராமரிப்பு குறைவாக வேண்டும் என்றால் கிராட்கியிலேயே பெட்டிகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு பெட்டி நட்டால் அறுவடை தொடர்ந்து வரும், ஒரு பெட்டியில் நோய் வந்தாலும் மற்றதற்குப் பரவாது. குழாய் அமைப்பில் கரைசல் பொதுவானது என்பதால் ஒரு செடியின் வேரழுகல் எல்லாச் செடிக்கும் போய்விடும். அறுவடைக்கு முன்பே பெட்டி வற்றிவிடுகிறது, அல்லது ஒரே செடியிலிருந்து மாதக்கணக்கில் பறிக்க வேண்டும் என்ற நிலை வந்தால் காற்று பம்ப் சேருங்கள். டச்சு வாளிக்குப் போவதற்கு முன், ஒரு பருவம் முழுக்க ஈ.சி.யையும் பி.எச்.ஐயும் நீங்களே திருத்திப் பழகியிருக்க வேண்டும். தக்காளி மூன்று நான்கு மாதம் நிற்கும் செடி, பாதி வழியில் கற்றுக்கொள்ள அது அவகாசம் தராது.

ஒவ்வொரு அறுவடைக்குப் பின்னும் பெட்டி, மூடி, கிண்ணம் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, 10 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி வீட்டு ப்ளீச் கலந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, வெயிலில் முழுக்கக் காயவிடுங்கள். கிண்ணத்தில் செடியைத் தாங்க களிமண் உருண்டைகள் போட்டிருந்தால், அவற்றில் ஒட்டியிருக்கும் பழைய வேர்த்துணுக்குகளை விட்டுவைக்காதீர்கள். அடுத்த பயிருக்கு வேரழுகல் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.